முப்பத்தெட்டாவது ஆமை

"இந்தப் பொருள் என் வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினா நான் ஒழிஞ்சேன்!"

எட்டு மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில் இருந்த மோட்டார் ரூமில், கிரீஸ் அப்பிய கையோடு நின்று லிஃப்ட்காரர் சபதம் போட்டார். என்னவோ ஏதோ என்று பதறிவிடாதீர்கள். வெடிகுண்டு இல்லை. திருட்டு நகையும் இல்லை. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு பழைய மாத இதழ். அட்டையில் ஓர் ஆமை. அதுவும் தலைகீழாக.

இந்த இதழைத்தான் மனுஷன் பதினோரு வருஷமாகத் தேடினார். கிடைத்த அன்றைக்கே அதை ஒளித்து வைக்க இடம் தேட ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்டால் அது பெரிய கதை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

'செதில்' என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. பாம்பு, ஆமை, உடும்பு, பச்சோந்தி இதையெல்லாம் வீட்டில் ஆசையாக வளர்க்கிறவர்களுக்கான மாத இதழ். அப்படி எத்தனை புண்ணியவான்கள் இருந்தார்களோ தெரியாது. ஒன்பது வருஷம் தம் கட்டி, நூற்றுப் பன்னிரண்டு இதழ் போட்டுவிட்டு நின்றுபோனது. அது வெளிவந்த காலத்தில் நம்ம ஆள் ஒரு இதழைக்கூடக் கையால் தொட்டதில்லை. நின்றுபோன பிறகு, ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைச் சரிபண்ணப் போன இடத்தில் ஒன்றைப் புரட்டினார். 'உங்கள் ஓணான் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையா?' என்று ஒரு கட்டுரை. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பித்து.

"சரி, இவர் என்னத்தை வளர்க்கிறார்?" என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது. சுவரில் ஒரு பல்லி தெரிந்தாலே நாற்காலி மேல் ஏறி நிற்கிற ரகம். மனைவி துடைப்பத்தோடு வந்து அதை ஜன்னல் வழியாக வெளியே அனுப்புவாள். அதுவரைக்கும் இவர் நாற்காலியில் நின்றபடியே, "அதுக்கு வால் போனா திரும்ப முளைக்கும், தெரியுமா? இருபத்தாறாவது இதழ்ல விவரமாப் போட்டிருக்கான்" என்று வகுப்பெடுப்பார்.

மனைவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெருவுக்கு அவள் பல்லக்கா. பல்செட் செய்கிற தொழில். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் உருப்பிடித்து, பல் பதித்து, நிறம் சேர்த்து, பளபளவென்று தேய்த்து அனுப்புவாள். கை அப்படிச் சுத்தம். ஒருத்தருடைய மீதிப் பல்லில் டீக்கறை இருந்தால், இவள் கட்டிய பல்லிலும் அதே டீக்கறை அதே அளவில் இருக்கும். எது பிறவிப் பல், எது பல்லக்கா பல் என்று பல்லுக்குச் சொந்தக்காரரே தடுமாறுவார்.

இத்தனை பெரிய கைகாரி தொழில் நடத்திய இடம்? சாப்பாட்டு மேஜை. வீட்டில் இருந்ததே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை. சின்ன அறையில் 'செதில்' குடியிருந்தது. நூற்றுப் பதினோரு இதழ், நாலு அலமாரி, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி. வெளியே மேஜையில் தாடைகள். தட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வாய் 'ஈ' என்று இளித்துக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்துதான் லிஃப்ட்காரர் தினமும் சாப்பிட வேண்டும். ஒரு நாள் சர்க்கரை என்று நினைத்து டீயில் பிளாஸ்டர் மாவை அள்ளிப் போட்டுக் கலக்கினார். கலக்கக் கலக்கக் கரண்டி நகரவில்லை. டம்ளரும் கரண்டியும் ஒரே கல்லாகிவிட்டன. அந்தக் கல்தான் இன்றைக்கும் பின்கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்லக்கா பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அந்த ரூமை எனக்குக் குடுங்க."

"எந்த ரூமை?"

"நம்ம வீட்டில பத்து ரூமா இருக்கு? பாம்பு ரூமைத்தான். நேத்துகூட ரெண்டு டாக்டர் குடுத்த வேலையை, வைக்க இடமில்லன்னு திருப்பி அனுப்பிட்டேன். மனசு ஆறல."

"அது வெறும் ரூம் இல்லம்மா. அது ஒரு சேகரம்!"

"சேகரம் எப்ப முடியும்?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. முப்பத்தெட்டாவது இதழ். அது மட்டும் வந்துட்டா, அன்னிக்கே ரூம் உனக்கு. அத்தனையையும் நானே பரண்ல ஏத்திடறேன்."

எவ்வளவு தாராளம் பார்த்தீர்களா! காரணம் இருந்தது. அந்த முப்பத்தெட்டாவது இதழின் அட்டையில் ஏதோ பெரிய தப்பு நேர்ந்துவிட்டதாம். ஆசிரியரே தலையிலடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, அத்தனையையும் பிடுங்கிவந்து கொளுத்திவிட்டாராம். என்ன தப்பு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "அந்த அட்டையைக் கண்ணால பார்த்த ஆள் இந்த உலகத்திலேயே கிடையாது" என்று லிஃப்ட்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடித்துச் சொல்வார். கிடைக்கவே கிடைக்காது என்ற தைரியத்தில்தான் வாக்கை வாரி வழங்கினார்.

"எழுதிக் குடுங்க" என்றாள் பல்லக்கா.

எழுதினார். கையெழுத்தும் போட்டார். அந்தக் காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. இரண்டு வருஷமாகத் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்புக்கு வேட்டு வைத்தது அந்த எட்டு மாடிக் கட்டடம். ஒரு வெள்ளிக்கிழமை லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயசானவர். முக்கால் மணி நேரமாகக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோயிருந்தார். லிஃப்ட்காரர் வந்து கதவை நெம்பித் திறந்தார். பெரியவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் கிடந்த பழைய பேப்பர் கட்டைப் பார்த்தார். கட்டின் நடுவே 'செதில் 38' என்று முதுகு தெரிந்தது.

"சார், இந்தக் கட்டு எங்க போகுது?"

"யோவ், முதல்ல என்னை வெளிய எடுய்யா!"

"எடுக்கிறேன் சார். கட்டு எங்க போகுதுன்னு..."

"எடைக்குப் போடப் போகுது! நீயே வச்சிக்கோ! என் உயிரை மட்டும் குடு!"

பெரியவர் உயிர் பிழைத்தார். லிஃப்ட்காரர் உயிர் போனது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆமைப் படத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். பாவப்பட்ட ஜீவன், நாலு காலும் ஆகாயத்தைப் பார்க்கக் கிடந்தது. ஆஹா, இதுதானா அந்தத் தப்பு என்று ஒரு நிமிஷம் குதித்தார். அடுத்த நிமிஷம் ஃபிரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. அப்படியே மொட்டை மாடிக்கு ஏறி, மோட்டார் ரூம் எலக்ட்ரிக் பெட்டிக்குப் பின்னால் இதழைச் செருகிவிட்டு, நான் முதலில் சொன்ன சபதத்தைப் போட்டார்.

சபதம் போட்டால் ஆச்சா? மனசு கேட்க வேண்டாமா? தினமும் ஒரு தடவை பார்க்காவிட்டால் கை பரபரத்தது. வேறு கட்டடத்தில் வேலையிருந்தாலும் சுற்றிக்கொண்டு இங்கே வந்தார். மோட்டார் ரூமைத் திறப்பார், இதழை எடுப்பார், நாலு பக்கம் படிப்பார், ஆமையை ஒரு தடவை நேராகத் திருப்பிப் பார்ப்பார், பழையபடி செருகிவிட்டு இறங்குவார். ஐந்தாம் நாள் கட்டடத்துச் செக்ரட்டரி வழிமறித்தார்.

"என்னப்பா தினம் வர்ற? லிஃப்ட்டுக்கு என்னதான் வியாதி?"

"வியாதியெல்லாம் இல்ல சார். சும்மா ஒரு பார்வை."

"போன வருஷம் மூணு நாள் நின்னு கிடந்தப்போ பத்து தடவை போன் போட்டேன், நீ வரல. இப்ப நல்லா ஓடுற லிஃப்ட்டை நாள் தவறாம வந்து பாக்கிற. உண்மையைச் சொல்லு. கயிறு தேஞ்சிடுச்சா?"

"ஐயோ, கயிறு இரும்பு மாதிரி இருக்கு சார்!"

"கயிறு இரும்புதானேப்பா?"

லிஃப்ட்காரர் திருதிருவென்று முழித்தார்.

"முழிக்கிற முழியே சரியில்ல. ஜனங்கள்லாம் பயந்து படியேறிக்கிட்டிருக்காங்க. அஞ்சாவது மாடி அம்மா முட்டிவலியோட என்னைத்தான் திட்டுறாங்க. மோட்டார் ரூமுக்குள்ள உக்காந்து அப்படி என்னதான் பண்ற? இரு, உன் வீட்டம்மாதானே எனக்குப் பல்லு கட்டிக் குடுத்தாங்க. அடுத்த தடவை போறப்போ கேக்கிறேன், உனக்கு வீட்டில ஏதாவது பிரச்சினையான்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று சிரித்து மழுப்பிவிட்டு லிஃப்ட்காரர் நழுவினார். அந்தப் பேச்சை அத்தோடு மறந்தும்போனார். மறக்கக் கூடாததை மறப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? அலமாரியில் முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. இத்தனை வருஷமாக அந்தச் சந்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு கிளுகிளுப்பு இருந்தது. இப்போது அதே சந்து அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. பொருள் கையில் இருக்கிறது, இடம் கண்முன்னால் இருக்கிறது, வைக்க முடியவில்லை! சந்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். எழுந்து நடப்பார். ஹாலுக்கு வருவார், ஃபிரிட்ஜைப் பார்ப்பார், திரும்ப அறைக்குள் போவார். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் உட்காரத் தோன்றியது. சோறு இறங்கவில்லை.

"என்னங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றாள் பல்லக்கா, ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லையே."

"காலையிலேர்ந்து பதினேழு தடவை நடந்துட்டீங்க."

"சும்மா நடந்தா நல்லதும்மா. ரத்த ஓட்டம்."

"தட்டைக் கையில வச்சிக்கிட்டா நடப்பாங்க?"

தட்டைப் பார்த்தார். வைத்தார்.

"முப்பத்தெட்டைப் பத்தித்தானே கவலை?" என்று கேட்டாள் அவள், ரொம்ப இதமாக.

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எ... எந்த முப்பத்தெட்டு?"

"கிடைக்கலையேன்னு ஏங்கி ஏங்கி இப்படி இளைச்சிட்டீங்களே. பாக்கவே சகிக்கல. கிடைச்சிடும், கவலைப்படாதீங்க."

"கிடைக்காது! கிடைக்கவே கிடைக்காது!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். பல்லக்கா தலையை ஆட்டிவிட்டுப் பல்லைத் தேய்க்கப் போய்விட்டாள்.

இப்படியே இருபது நாளுக்கு மேல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்றாட நடந்துவிட்டு வந்த லிஃப்ட்காரர், சின்ன அறைக்குள் நுழைந்து அலமாரியைப் பார்த்தார். பார்த்தவர் கதவைப் பிடித்துக்கொண்டார். சந்தைக் காணோம். முப்பத்தேழு இருந்தது. முப்பத்தொன்பது இருந்தது. நடுவில், கம்பீரமாக, முப்பத்தெட்டு!

முதலில் அவருக்குத் தோன்றியது, மோட்டார் ரூம் பிடிபட்டுவிட்டது என்றுதான். சட்டென்று உருவினார். அட்டையில் ஆமை. ஆனால் நேராக நின்றது. நாலு காலும் தரையில். அவருக்குப் போன உயிர் பாதி வந்தது.

"எப்படிங்க இருக்கு?" பின்னால் பல்லக்கா, முகமெல்லாம் சிரிப்பு. "பழைய புத்தகக் கடையில கிடைச்சது. நாலு கடை ஏறி இறங்கினேன். உங்க தவிப்பைப் பார்த்துக்கிட்டு எப்படி சும்மா இருக்கிறது?"

லிஃப்ட்காரர் மூளை லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் ஓடியது. இது அசல்தான் என்று ஒத்துக்கொண்டால், அறை போச்சு. போலி என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். சரி, வேறு குறை கண்டுபிடிப்போம் என்று இறங்கினார்.

"இது... இது அந்த இதழ் மாதிரி இல்லையே."

"முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே."

"காகிதம் புதுசா இருக்கு."

"நல்லாப் பாருங்க. ஓரமெல்லாம் பழுத்திருக்கு."

பழுத்துத்தான் இருந்தது. பக்கத்து இதழின் ஓரம் எவ்வளவு மஞ்சளோ அதே மஞ்சள்.

"பின்னு? பழைய இதழ்னா பின்னு துருப்பிடிச்சிருக்கணும்."

"துருப்பிடிச்சிருக்கே."

பிடித்திருந்தது. லிஃப்ட்காரர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பழைய வாசனை. பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு புழு அரித்த துளைகூட இருந்தது.

"அப்ப சந்தேகமே இல்ல" என்றாள் பல்லக்கா. "நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடலாம். எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"இரு இரு இரு! இது போலி!"

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்!"

"அதான், எப்படித் தெரியும்? அச்சு சரியா இருக்கு, காகிதம் சரியா இருக்கு, பின்னு சரியா இருக்கு. வேணும்னே ரூமைக் குடுக்காம இருக்கத்தானே இந்த நாடகம்? பதினோரு வருஷம் ஊர்வன பத்திப் படிச்ச ஆளு, ஒரு ஆமையைப் பார்த்தா அடையாளம் தெரியல! இவ்வளவுதானா உங்க படிப்பு?"

எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார் லிஃப்ட்காரர். தன் படிப்பைச் சொன்னால் மட்டும் ஆகாது. காது சிவந்தது.

"யாருக்கு அடையாளம் தெரியல? எனக்கா? முப்பத்தெட்டாவது இதழ்ல ஆமை தலைகீழா இருக்கணும்டி! நாலு காலும் மேல பாக்கணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஹாலில் மேஜை மேலிருந்த பன்னிரண்டு வாயும் அவரைப் பார்த்து இளித்தன.

"தலைகீழாவா?" என்றாள் பல்லக்கா மெதுவாக. "அட்டையைப் பார்த்த ஆள் உலகத்திலேயே கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது... வந்து... ஒரு யூகம்..."

"எங்க வச்சிருக்கீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவருக்கு இனி என்ன வழி? "மோட்டார் ரூம்ல" என்றார்.

பல்லக்கா போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க செஞ்சேன், அந்த இதழை" என்றாள். "கடையில கிடைச்சதுன்னு சொன்னது பொய். ராவாப் பகலா ஏங்குறீங்களே, உங்க சந்து நிறைஞ்சா மனசு நிறையும்னு நினைச்சேன். டீத்தண்ணியில காகிதத்தை ஊற வச்சு, உப்புத்தண்ணியில பின்னைத் துருப்பிடிக்க விட்டு, ஊசியால புழுத்துளை போட்டு... பல்லுக்குக்கூட நான் இப்படி மெனக்கெட்டதில்ல. நீங்க என்னடான்னா, அசலை வச்சிக்கிட்டே என்னை ஏமாத்திக்கிட்டிருந்திருக்கீங்க."

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

லிஃப்ட்காரர் உருகி ஓடிவிட்டார். சே, நானும் ஒரு மனுஷனா! கட்டினவளுக்கு ஒரு ரூம் கொடுக்க மனசில்லாமல் எலக்ட்ரிக் பெட்டிக்குப் பின்னால் ஆமையை ஒளித்தவன்! இவளோ எனக்காகப் புழுத்துளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழாதம்மா. ரூம் உனக்குத்தான். இப்பவே."

"வேணாங்க. உங்க ஆசை..."

"பேசாத! இப்பவே காலி பண்றேன்!"

பண்ணினார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியை எடுத்தார். நூற்றுப் பதினோரு இதழையும் கட்டுக் கட்டாகச் சுமந்து பரணில் ஏற்றினார். நாலு அலமாரியையும் ஒண்டியாகத் தள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்தார். அறையைப் பெருக்கினார். துடைத்தார். சாய்வு நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்ததில் அதெல்லாம் இல்லவே இல்லை. பல்லக்கா நடுநடுவே, "பார்த்துங்க, இடுப்பு பிடிச்சிக்கப் போகுது" என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தபோது லிஃப்ட்காரருக்கு முதுகு நிமிரவில்லை. ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தச்சர் இறங்கினார், கூட இரண்டு பேர். ஒரு நீளமான வேலை மேஜையைத் தூக்கிக்கொண்டு நேரே சின்ன அறைக்குள் போனார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மேஜை பொருந்தி உட்கார்ந்தது. ஒரு நூல் இழை அதிகமில்லை, குறையுமில்லை. ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் பல் தேய்க்கிற மிஷினுக்குக் குழிகூட வெட்டியிருந்தது.

லிஃப்ட்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க ஏதோ உதைத்தது.

"என்ன தச்சரே, நேத்து சாயங்காலம்தானே ரூமே காலியாச்சு. அதுக்குள்ள எப்படி இவ்வளவு கச்சிதமா..."

"அதுக்குள்ளயா? நல்லாக் கேட்டீங்க சார்! மேஜை ஆகி ஒரு வாரமா பட்டறையில இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது. செக்ரட்டரி சார் அந்த மோட்டார் ரூமைத் திறந்து காட்டின மறுநாளே அக்கா அளவு குடுத்துட்டாங்க, பதினஞ்சு நாளுக்கு மேல ஆச்சே" என்றார் தச்சர், மேஜையைத் துணியால் துடைத்தபடி. "முந்தாநாள் சனிக்கிழமைக்குத்தான் கொண்டாரச் சொல்லியிருந்தாங்க. நீங்க வாயைத் திறக்கத்தான் ஒரு நாள் கூட ஆயிடுச்சாம்."